மூன்று விரல் ஆழம்

1958 ஆகஸ்டு 11, திங்கட்கிழமை. திண்டுக்கல் பேகம்பூருக்கு மேற்கே உள்ள தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் ஆஜர்ப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில் ஆறு பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஓர் இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. புத்தகத்தின் மூன்று விளிம்புகளிலும் நீலமும் காவியும் கலந்த மார்பிள் வண்ணம் ஓடுகிறது. வண்ணத்தில் எங்கும் முறிவு இல்லை.

அந்த விளிம்புக்கு வண்ணம் ஏற்றியவர் மேட்டுப்பட்டியில் புத்தகம் கட்டும் சூசைமாணிக்கம். செப்டம்பர் 9ஆம் தேதி காலை, பள்ளிக்கூடம் ஒன்றின் பரிசுப் புத்தகங்களுக்காக அவர் போட்டுக் கொடியில் காயவைத்திருந்த மார்பிள் தாள்களில் இரண்டு ஒரே மாதிரி இருந்தன.

மார்பிள் தாளில் இரண்டு ஒன்றுபோல வராது. வெந்தயத்தை ஊறவைத்துக் காய்ச்சி, மல் துணியில் வடித்து, ஒரு ராத்திரி ஆறவிட்டால் கொழகொழப்பான ஒரு தண்ணீர் கிடைக்கும். அதைத் தகரத் தொட்டியில் மூன்று விரல் ஆழத்துக்கு ஊற்றி, மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணத்தைத் துடைப்பக் குச்சியால் தெளித்தால் ஒவ்வொரு துளியும் மூழ்காமல் மேலேயே வட்டமாக விரியும். பின்னால் விழுகிற துளி முன்னால் விழுந்ததை நெருக்கித் தள்ளித் தனக்கு இடம் பண்ணிக்கொள்ளும். பிறகு ஆணி அடித்த சீப்பால் ஓர் இழுப்பு. படிகாரத் தண்ணீர் தடவிக் காய்ந்த தாளை ஒரு மூலையிலிருந்து மெல்லப் படுக்கவைத்து எடுத்தால், தண்ணீரின் மேல் இருந்த அத்தனையும் தாளுக்கு வந்துவிடும். தண்ணீரில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த தாளுக்கு மறுபடி தெளிக்க வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். கை வேறு, துளி வேறு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட தாள்களில் ஒன்றுக்கு இன்னொன்று பங்காளியாக இருக்கும். இரட்டைப் பிள்ளையாக இருந்ததில்லை.

இரண்டு தாள்களையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூசி ஆகாது, காற்று ஆகாது என்பதால் அந்தப் பின்னறையின் ஒரே சன்னலில் ஈரச் சாக்கு தொங்கும். பகலிலும் உள்ளே சாயங்காலம்தான். வெந்தயத்தின் கசந்த வாசனையும், சீசாவில் இருந்த பித்தநீரின் நாற்றமும், ஈரத் தாள்கள் சொட்டுகிற சத்தமும் எப்போதும் இருப்பவை. அவருக்கு அவை பழக்கம். வெளிச்சத்தில் இரண்டு தாளின் வளைவுகளும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தன. நடுவில் ஒரு சுழி. சுழியைச் சுற்றி வளைந்து வளைந்து கீழே இறங்கும் கோடுகள். அவை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, கீழிருந்து மேலாகக் கோணலாக ஓடும் ஒரு வெள்ளைக் கீற்று.

கீற்று அவருக்குத் தெரிந்ததுதான். தாளைப் படுக்க வைக்கும்போது கை ஒரு நொடி தயங்கினால் தாளில் அப்படி ஒரு கோடு விழும். வேலை பழகும் காலத்தில் அதற்காக முழங்கையில் அடி வாங்கியிருக்கிறார். இப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கை தயங்குவதில்லை.

மூன்றாவது தாளை எடுத்தார். நான்காவதை எடுத்தார். பிறகு கொடியிலிருந்த மற்றவற்றைப் பார்க்காமல் திருப்பித் தொங்கவிட்டார்.

*

தோல் ஷாப்பு முதலாளியிடம் விளிம்பு மார்பிளைப் பற்றிச் சொல்லி அந்த வேலையை வாங்கியவரே சூசைமாணிக்கம்தான். மூடிய புத்தகத்தைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி, விளிம்பை வண்ணத்தின் மேல் ஒற்றி எடுத்தால் எல்லாத் தாளின் ஓரத்திலும் ஒரு மயிரிழை வண்ணம் ஏறும். “நடுவுல எவனாச்சும் ஒத்தத் தாள உருவுனா அந்த எடத்துல கோலம் தப்பும் மொதலாளி. கண்ணு தெரியாதவன்கூடக் கண்டுபிடிச்சிருவான்” என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னார். சர்க்கார் அதிகாரிகளும் அந்தப் புத்தகத்தை நம்பினார்கள்.

ஆகஸ்டு 12 மத்தியானம் மேஸ்திரி பொம்மையன் அதே புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். துண்டில் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

“ஒரு தாளு மாத்தணும் சூசை. பழசுல ஏழு பேரு. புதுசுல ஆறு. ஆறு பேருகிட்டயும் புதுத் தாளுல கைநாட்டு வாங்கிட்டேன். நீ செருகித் தைச்சு ஓரத்தச் சரிபண்ணிக் குடு.”

“ஏழாவது ஆளு?”

பொம்மையன் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். நிதானமாக ஒரு சிட்டிகை இழுத்தார். “கருப்பணன். நேத்து வந்து நாட்டு வச்சுட்டு, விடியுறதுக்கு முன்னால சுண்ணாம்புக் குழியில விழுந்துட்டான். மத்தியானம் தோலப் பெரட்டப் போனப்பத்தேன் பாத்தோம். பின்னால மயிர்க் குப்ப கொட்டுற எடத்துல பொதைச்சாச்சு. அவன் நேத்து வேலைக்கே வரல. வெளங்குச்சா?”

சூசைமாணிக்கம் குடியிருந்தது முதலாளியின் வீடு. பொம்மையன் சுவரையும் கூரையையும் ஒருமுறை பார்த்தார். போகும்போது, “பழைய தாள எரிச்சுரு” என்றார்.

செருகுவது ஒரு மணி நேர வேலை. தையலைப் பிரித்து, தாளை மாற்றி, மறுபடி தைத்து, மூன்று விளிம்பையும் ஒரு நூல் அளவு சீவி, புதிதாக வண்ணம் ஏற்றினார். கோலம் தப்பவில்லை. ஆனால் பழைய தாளை அவர் எரிக்கவில்லை. புத்தகம் கட்டுகிறவன் வீட்டில் காகிதம் அடுப்புக்குப் போகாது. கிழிந்ததும், எழுதிக் கெட்டதும், அச்சுப் பிழையானதும் எல்லாம் அட்டைக்கு உள்ளே ஒட்டத்தான் போகும். இதுவோ கனத்த சீமைக் காகிதம். எழுத்துத் தெரியாமலிருக்க முதலில் அதைக் கவிழ்த்துத் தொட்டியில் ஒற்றி எடுத்தார். ஏழு பெயரும் ஏழு ஊதா ரேகையும் நீலத்துக்கும் காவிக்கும் அடியில் போயின. பிறகு அதே புத்தகத்தின் பின்னட்டைக்குள் அதை ஒட்டி, மேலே நல்ல மார்பிள் தாளை ஒட்டி மூடினார். கை தானாகச் செய்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பிரித்தால் அட்டை கெடும். பொம்மையன் வாசலில் காத்திருந்தார்.

கருப்பணன் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை என்று அவன் பெண்சாதி மனுப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 12, தோல் ஷாப்பு ஆபீஸ் அறையில் விசாரணை. புத்தகத்தைக் கட்டியவர் நேரில் வந்து, விளிம்பு கலையவில்லை, தாள் எதுவும் மாறவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரி எழுதியிருந்தார். போட்டால் வீடு நிற்கும். போடாவிட்டால் வீடும் போகும், ஜெயிலும் உண்டு.

இன்னும் மூன்று நாள் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பின்வாசல் தட்டப்பட்டது. கருப்பணன் பெண்சாதி ஒச்சம்மாள். மாடு அறுக்கும் கொட்டடியில் கழிவு அள்ளுகிறவள். வாராவாரம் பித்தப்பைகளைப் பூவரச இலையில் பொதிந்து தகர டப்பாவில் அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

“அண்ணே, இன்னைக்கி நாலு கெடச்சுச்சு. ரெண்டு நல்ல பெருசு.”

“வச்சுட்டுப் போ.”

அவள் போகவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டாள். “வெள்ளிக்கெழம நீங்களும் வாரீகளாம்ல.”

“கூப்பிட்டுருக்காக.”

“மேஸ்திரி சொல்றாரு, அந்த ஆளு அன்னைக்கி வேலைக்கே வரலையாம். பழனிப் பக்கம் எவளோ ஒருத்தியக் கூட்டிக்கிட்டு ஓடிட்டாராம்.” அவள் சிரித்தாள். “அண்ணே, வெஞ்சனத்துல உப்பு இல்லேன்னா வாயத் தொறந்து கேக்கத் தெரியாத மனுசன். அவரு போயி ஒருத்தியக் கூப்புட்டாராம், அவளும் பின்னாலயே போனாளாம். கேக்குறவுகளுக்கு மதி வேணாமா?”

சூசைமாணிக்கம் பித்தப்பைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“தாலிய வச்சுக்கவா, அறுக்கவா? மாமியா வீட்டுல, ஒன்னாலதேன் ஓடிட்டான்னு வெளிய தள்ளிட்டாக. ஒரே ஒரு நாட்டு, அண்ணே. அன்னைக்கி அவரு வந்து நாட்டு வச்சாருன்னு ஒத்த அடையாளம் இருந்தாப் போதும். நான் ஷாப்புக்குள்ள பூந்து தேடிக்குவேன்.” தன் இடது பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். “அவரு நாட்ட நான் ஆயிரத்துல கண்டுபிடிப்பேன். கத்தி சறுக்கி, இந்தா, அடியில இருந்து இப்புடிக் கோணலா மேல போயி நகத்துக்கிட்ட ரெண்டாப் பிரியும். பல்லி நாக்கு மாதிரி. ‘எங்க வெரல்ல எல்லாம் ரேகை, ஒன் வெரல்ல வாய்க்கா வெட்டிருக்குடா’ன்னு ஷாப்புல கேலி பண்ணுவாக.”

“எனக்கு வேல கெடக்கு.”

“வாரேன் அண்ணே” என்றாள். வாசலைத் தாண்டியவள் நின்று மூக்கை உறிஞ்சினாள். “என்னண்ணே, ஒங்க வீட்டுல சுண்ணாம்புக் குழி வாட அடிக்குது?”

அவள் போனதும் அவர் கதவைச் சாத்தினார். கொடியில் திருப்பித் தொங்கவிட்டிருந்த தாள்களில் ஒன்றை எடுத்தார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோகாமல், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

சுழி. சுழியைச் சுற்றி வளைவுகள். கீழிருந்து கோணலாக ஏறும் கீற்று. தாளின் மேல் ஓரத்தை எட்டுமுன் அது இரண்டாகப் பிரிந்திருந்தது.

*

புதன்கிழமை பழைய தண்ணீரைக் கொல்லையில் கொட்டினார். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். புது வெந்தயம், புதுத் துணி, புதுத் துடைப்பக் குச்சி. நீலத்தை விட்டுவிட்டு விளக்குக் கரியும் மஞ்சளும் எடுத்தார். சீப்பைத் தொடவே இல்லை. தெளித்த துளிகளை அப்படியே விட்டு, அவை உருண்டை உருண்டையாக, கூழாங்கல் பரப்பியதுபோல நிற்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு தாளைப் படுக்க வைத்தார். கை தயங்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு வைத்தார்.

எடுத்தார்.

சுழி இருந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. கோடுகளுக்கு நடுவே, வியர்வை வரும் சின்னச் சின்னத் துவாரங்கள்கூட வரிசையாக இருந்தன.

மத்தியானம் பொம்மையன் வந்தார். அறைக்குள் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“என்னய்யா சூசை, மொகம் வெந்தயத்தக் கடிச்ச மாதிரி இருக்கு?”

“மேஸ்திரி, கருப்பணன எடுத்தப்ப நீங்க இருந்தீகளா?”

“நான் இல்லாம? நானும் இன்னொருத்தனும்தேன் இழுத்தோம்.” பொம்மையன் பொடியை இழுத்துத் தும்மினார். “மயிரு ஒண்ணு இல்ல. ஆட்டுத்தோலு மாதிரி வெள்ளவெளேர்னு கெடந்தான். கையப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன் பாரு, அந்தக் கைத்தோலு ஒறையக் கழட்டுன மாதிரி நகத்தோட என் கைக்கு வந்துருச்சு. ‘ஏலே, சாகுறப்பயும் சீவுன சரக்காத்தேன்டா குடுக்கிற’ன்னேன். கூட இருந்தவன் அழுதுக்கிட்டே சிரிச்சான்.”

“அந்தத் தோல என்ன செஞ்சீக?”

“எதுக்குக் கேக்குற? குழியிலயே உதறிட்டேன்.” பொம்மையன் அவரை உற்றுப் பார்த்தார். “தாள எரிச்சாச்சுல்ல?”

“எரிச்சாச்சு.”

“வெள்ளிக்கெழம பதினோரு மணி. வேதப் புத்தகம் வேணும்னா நீயே கொண்டா, எங்க ஷாப்புல கெடையாது.”

அன்று சாயங்காலத்துக்கு முன் சூசைமாணிக்கம் ஒரு காரியம் செய்து பார்த்தார். தொட்டியில் வண்ணமே தெளிக்கவில்லை. மேலே மிதந்த தூசியைக் காகிதக் கீற்றால் வழித்து எடுத்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. தொட்டியின் அடித்தகரத்தில் ஈயம் பற்றவைத்த தழும்பு தெரிந்தது. மூன்று விரல் ஆழம். விரலை விட்டுப் பார்த்தார். மூன்று விரல்தான். வெறும் தண்ணீரின் மேல் வெறும் தாளை வைத்தார்.

எடுத்தபோது தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டுக் கொடியில் போட்டார். காயக் காயத்தான் தெரிந்தது. வெள்ளையின் மேல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூத்ததுபோல, சுழி. கோடுகள். பல்லி நாக்கு.

மனைவி செபாஸ்தியம்மாள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். “என்ன எழவுங்க அது, வீடு பூரா ஷாப்பு நாத்தம்? சோத்துப் பானை வரைக்கும் அடிக்குது.”

“ஒண்ணுமில்ல. படிகாரம்” என்றார்.

*

வியாழக்கிழமை காலை ஒச்சம்மாள் மறுபடி வந்தாள். கையில் டப்பா இல்லை.

“அண்ணே, அந்தப் பொஸ்தகம் நீங்க கட்டுனதுன்னு நேத்துத்தேன் தெரிஞ்சுச்சு.”

அவர் சீப்பின் ஆணிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

“தாள உருவுனா ஓரத்துல தெரிஞ்சுரும்னு நீங்கதேன் மொதலாளிகிட்டச் சொன்னீகளாம். அந்த ஆளுதேன் ஒருநா வீட்டுல வந்து சொன்னாரு. ‘ஒச்சு, எங்க நாட்ட இனிமே எவனும் அழிக்க முடியாது, மேட்டுப்பட்டிக்காரரு பூட்டுப் போட்டுக் குடுத்துருக்காரு’ன்னு. அம்புட்டுச் சந்தோசம் அவருக்கு. அந்த மேட்டுப்பட்டிக்காரரு நீங்கதேன்னு எனக்கு அப்பத் தெரியல.” அவள் கைகளைக் கூப்பவில்லை, அழவில்லை. பதில் ஒன்று இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவள்போல நின்றாள். “நீங்க பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவீக. எனக்கு அந்த அதிகாரியத் தெரியாது. ஒங்களத் தெரியும். தாளு மாறிருக்கா?”

அறைக்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. கொடியில் ஈரத் தாள் எதுவும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பின்னட்டையைக் கிழித்தால் போதும். கூடவே பொம்மையன் சுவரையும் கூரையையும் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது.

“நான் கட்டுன பொஸ்தகம் அது” என்றார் சூசைமாணிக்கம். குரல் அவர் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது. “ஒத்தத் தாளு மாறல. ஒன் புருசன் அன்னைக்கி வேலைக்கு வரல. பழனிப் பக்கம் தேடு. அவனுக்கு ஒன்னோட இருக்கப் புடிக்கல, போயிட்டான்.”

ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தாள். அந்த வாயிலிருந்து வேறு ஏதாவது வருமா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை அவள் நடை சாதாரணமாகத்தான் இருந்தது. முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது தாள் பாக்கி. வேலை செய்தால் கை நிற்கும் என்று நினைத்தார். சன்னல் சாக்கின் ஓட்டை வழியாக ஒரு காசு அகல வெயில் விழுந்து தொட்டியின் மேல் நின்றது. வெளியே எங்கோ பூட்டுப் பட்டறையில் அரம் உராயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செபாஸ்தியம்மாள் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். காவியைத் தெளித்தார். நீலத்தைத் தெளித்தார். துளிகள் விரிந்தன, ஒன்றை ஒன்று நெருக்கின, பிறகு, காற்றே இல்லாத அந்த அறையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லச் சுழலத் தொடங்கின.

தாளை வைத்தார். இரண்டு கையாலும் இரண்டு மூலைகளைப் பிடித்து, வலமிருந்து இடமாக.

அரம் நின்றது. முறமும் நின்றது.

தாளை எடுக்க மூலைகளைத் தூக்கினார். வரவில்லை. நடுவில் ஏதோ பிடித்திருந்தது. நிதானமாக இழுத்தார். தாளின் நடுப்பகுதி ஒரு விரல் அகலத்துக்கு மேல்நோக்கிப் புடைத்தது. அடியிலிருந்து. அழுத்தியது. இடமிருந்து வலமாக உருண்டது. அடங்கியது.

தாள் கிழிந்தால் வண்ணம் கெடும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. இத்தனை வருடப் பழக்கம். இரண்டு கைகளையும் தாளுக்கு அடியில் விட்டார்.

மூன்று விரல் ஆழம்.

மணிக்கட்டு வரை போனது. முழங்கை வரை போனது. தகரம் தட்டுப்படவில்லை. வலது கன்னம் தொட்டியின் விளிம்பில் இடித்தது. தோள் நனைந்தது. உள்ளே தண்ணீர் கொழகொழப்பாக இல்லை. கனமாக இருந்தது. சூடாக இருந்தது. அடியில் மெத்துமெத்தென்று ஏதேதோ அடுக்கடுக்காகக் கிடந்தன, தோல்கள்போல, அவர் கை பட்டதும் விலகி வழிவிட்டன.

கத்த வாய் திறந்தார். சுண்ணாம்பு வாசனை வாய்க்குள் போயிற்று.

அப்போது அவருடைய இடது கையை ஒன்று பிடித்தது. முரட்டுத்தனமாக அல்ல. எழுதத் தெரியாதவன் கையைக் கணக்குப்பிள்ளை பிடிப்பதுபோல. நான்கு விரலையும் மடக்கியது. பெருவிரலை மட்டும் நீட்டியது. ஈரமாக, மெல்லியதாக, உறைபோல ஒன்று அதன்மேல் நுழைந்தது. நகம்வரை இறங்கியது. சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டது. ஒருமுறை நீவியது. இன்னொரு முறை.

பிறகு விட்டுவிட்டது.

செபாஸ்தியம்மாள் கதவைத் தள்ளித் திறந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே சிந்தவில்லை. வலது கை தோள்பட்டைக்குக் கீழே வெளுத்து ஊதி, ஒரு ரோமம் இல்லாமல், அறுத்துக் கழுவிய ஆட்டுத்தோல் நிறத்தில் இருந்தது. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதும் போலத்தான் இருந்தது. வடுவோ கீறலோ இல்லை.

“என்னங்க இது? என்னத்துல கைய விட்டீக?”

“இந்த வெரலப் பாரு” என்றார். “இது என்னுதா?”

*

செப்டம்பர் 12ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு விசாரணை நடந்தது. மேசைக்கு இந்தப்புறம் பொம்மையனும் அந்தப்புறம் ஒச்சம்மாளும் நின்றார்கள். அதிகாரி புத்தகத்தின் மூன்று விளிம்புகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். கோலம் எங்கும் தப்பவில்லை என்று சொன்னார். புத்தகத்தை மூடிக் கவிழ்த்துவைத்து, அதன் பின்னட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு வாக்குமூலம் கேட்டார். தாள் எதுவும் மாறவில்லை என்று சூசைமாணிக்கம் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொன்னார்.

வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது பெருவிரலில் மை தடவினார்கள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பொம்மையன் அந்தக் கையைப் பிடித்து, நான்கு விரலை மடக்கி, பெருவிரலை நீட்டி, காகிதத்தின் மேல் இடமிருந்து வலமாக உருட்டினார்.

ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள்.

“இது அந்த ஆளு வெரலு” என்றாள். மேசையைத் தட்டினாள். “சாமி, பொஸ்தகத்தத் தொறங்க. போன மாசத்துப் பக்கத்த எடுங்க. இது எங்க வீட்டுக்காரரு வெரலு. இவருகிட்ட எப்புடி வந்துச்சு? கேளுங்க இவர!”

பொம்மையன் சிரித்தார். “ஒரு மாசமா இப்புடித்தேன், சார். ரோட்டுல போறவன் கையெல்லாம் அவளுக்குப் புருசன் கைதேன்.”

அதிகாரியும் கொஞ்சம் சிரித்தார். அவளை வெளியே கூட்டிப்போகச் சொன்னார். வாசல்வரை அவள் கத்திக்கொண்டே போனாள். சூசைமாணிக்கம் தலையைத் தூக்கவில்லை. மை காயாத பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வேட்டியில் துடைத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுழியும் கோணலான ஒரு கோடும் விழுந்தன.

மனு அன்றே தள்ளுபடி ஆனது. வாக்குமூலத்தின் கீழே, சூசைமாணிக்கத்தின் பெயருக்கு எதிரில், இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. அதில் அடியிலிருந்து மேலாகக் கோணலாக ஏறி, நுனியில் இரண்டாகப் பிரியும் ஒரு வெட்டுத் தழும்பு தெரிகிறது. கருப்பணனின் ரேகை அதே ஆஜர்ப் புத்தகத்தில், ஆகஸ்டு 9ஆம் தேதி வரையுள்ள பக்கங்களில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் உத்தரவிடவில்லை.